அவர் போனை எடுக்காவிட்டால் எனக்கு ஏன் இப்படிப் பதறுகிறது?

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் நல்லவர்தான். ஆனால் இரண்டு தடவை போனை எடுக்காவிட்டாலோ, சண்டையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டாலோ, என்னை விட்டுப் போய்விடுவார் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் வீட்டுக்கு வந்ததும் கத்திவிடுகிறேன். அப்பா, அம்மா வெளியூரில் வேலை பார்த்ததால் சின்ன வயதில் பாட்டி வீட்டில் வளர்ந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். அதற்காக உங்கள் பெற்றோரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் யார் அனுப்பினார்கள் என்பது தெரியாது, பஸ் கிளம்பிப் போனதுதான் தெரியும். பிரியமானவர்கள் போய்விடுவார்கள் என்று மனசு அப்போதே ஒரு முடிவு கட்டிவிடும். இப்படிச் சின்ன வயதிலேயே படிந்துபோகிற எண்ணங்களை ‘ஸ்கீமா’ என்று சொல்லி, 18 வகையாகப் பிரித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங். நீங்கள் எழுதியிருப்பது அதில் கைவிடப்படும் பயத்தோடு ஒத்துப்போகிறது. (பெண்களிடம் நான் நிறையப் பார்ப்பது இன்னொரு வகை. ‘அட்ஜஸ்ட் பண்ணிப் போ’ என்று கேட்டே வளர்ந்து, பத்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை என்றதும் வெடிப்பார்கள். வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது.)

உங்களுக்கு இருக்கும் இந்தக் கைவிடப்படும் பயத்தில் ஒரு வம்பு உண்டு, தனக்கான சாட்சியை அதுவே தயார் செய்துகொள்ளும். நீங்கள் பதினைந்து தடவை கூப்பிடுகிறீர்கள், அவர் போனைப் பார்த்தாலே மிரள்கிறார், வீட்டுக்கு லேட்டாக வருகிறார், உடனே நீங்கள் ‘பார்த்தாயா, நான் நினைத்தது சரி’ என்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டாவது தடவை கூப்பிடும் முன் நடந்தது என்ன, நான் நினைத்தது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘போன் எடுக்கவில்லை’ என்பது நடந்தது, ‘போகப் போகிறார்’ என்பது நினைத்தது. இரண்டு வாரம் எழுதினாலே எந்த நேரத்தில், எதற்கு இது கிளம்புகிறது என்று பிடிபடும். அப்புறம், சண்டை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக் கதையை அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ‘வேலையில் இருக்கிறேன், ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன்’ என்று ஒரே ஒரு மெசேஜ் போதும் என்று கேளுங்கள். ‘நீங்கள் மாற வேண்டும்’ என்று ஆரம்பித்தால் எந்த மனிதருக்கும் காது அடைத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் அடிக்கிறார், பொய் சொல்கிறார், தண்டனை மாதிரி நாள்கணக்கில் பேசாமல் இருக்கிறார் என்றால் அது உங்கள் குழந்தைப் பருவத்தின் கோளாறே இல்லை. வீட்டில் வன்முறை இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பதற்றத்தில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆலோசகரிடம் போனால் கணவரையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்வதை அவரும் ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு வீட்டில்தான் கற்றிருப்பார்.