இரவுப் பணியும் பேய்ப் படமும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பேய்ப் படங்கள் நிறைந்த ஒரு கதைப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வருகிறான். அவன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணிக்குச் செல்லும் நாட்களில்தான் அதைப் போர்வைக்குள் வைத்துப் பார்க்கிறான். பிறகு தூங்க மறுக்கிறான். புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட புத்தகங்களை அச்சிடுவதே தவறல்லவா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: தவறல்ல, சகோதரி. புத்தகத்தின்மேல் இவ்வளவு கோபப்படும் நீங்கள், அப்பா இரவுப் பணிக்குச் செல்லும் நாட்களில்தான் அவன் அதை எடுக்கிறான் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அப்பா வீட்டில் இருக்கும் இரவுகளில் அதே பேய் ஏன் அவனுக்குத் தேவைப்படுவதில்லை என்று ஒருமுறையேனும் யோசித்தீர்களா?

பகலில் பறித்த கொழுந்தை இரவெல்லாம் வாடவைத்து அரைத்தாக வேண்டும் என்பதால் அவர் போகத்தான் வேண்டும்; அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊரின் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் இருப்பதும், கோயில் விளக்கின் எண்ணெய்க்காகக் கரடிகள் கதவை உடைப்பதும் அந்தப் பிள்ளையின் காதில் விழாமலா இருந்திருக்கும்? அந்த இருட்டில் அப்பா போகிறார் என்ற அச்சத்தை உங்களிடம் சொல்லத் தெரியாமல், தன்னால் தாங்கக்கூடிய வேறோர் அச்சத்தை அவன் தேடிக்கொண்டான் என்றே நான் கருதுகிறேன். படத்திலுள்ள பேய் பக்கத்தை விட்டு இறங்காது. விரும்பினால் திறக்கலாம், முடியாதபோது மூடலாம். பாதையில் நிற்கும் கரடியிடம் அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை.

பிள்ளைகள் இத்தகைய படங்களைத் தேடிப் போவது புதிதன்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், தோளில் பிணமும் கையில் வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பார்த்து நடுங்கினார்கள். நடுங்கியபடியே அடுத்த மாத இதழுக்குக் காத்திருந்தார்கள். வேதாளம் எத்தனை முறை முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டாலும் அரசன் மீண்டும் அங்கே போனான் அல்லவா, அதற்காகத்தான். அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட படப்புத்தகத்தில், தாய் கோபித்துப் பட்டினியாகப் படுக்கைக்கு அனுப்பிய சிறுவன் பூதங்களிடம் போய்த் திரும்பும்போது, அவனுடைய இரவுச் சாப்பாடு ஆறாமல் காத்திருக்கிறது. உங்கள் மகனுக்கோ பூட்டிய பீரோ காத்திருக்கிறது. பயந்த பிள்ளையைத் தனியே விட்டதுமல்லாமல், அவன் கைத்துணையையும் பிடுங்கிக்கொண்டீர்கள். இது தாய் செய்யக்கூடிய காரியமா?

இன்றே பீரோவைத் திறங்கள். அவன் அருகில் அமர்ந்து நீங்கள் வாசியுங்கள். பக்கத்தை அவன் புரட்டட்டும். கணவர் பணிக்குக் கிளம்பும் முன் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் யாருடன், எந்த வழியாகப் போகிறார் என்பதை அவரே மகனிடம் சொல்லவேண்டும். தொழிற்சாலையை அடைந்ததும் மகனைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். சம்பாதித்துக் கொடுப்பதைப் போலவே இதுவும் தந்தையின் கடமைதான். ஆண்பிள்ளை அஞ்சக்கூடாது என்ற பேச்சு உங்கள் வீட்டில் வேண்டாம். பகலிலும் அச்சம் தொடர்ந்து பள்ளிக்கே போக மறுத்தால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

புத்தகத்தை நூலகத்தில் அவனே திருப்பிக் கொடுக்கட்டும்; அதையே மறுபடியும் எடுத்து வந்தால் தடுக்காதீர்கள்.