கூட்டமே போடாத சங்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் 212 வீடுகள். ஒன்பது வருடமாக அதே தலைவர், அதே செயலாளர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. கேட்டால், ‘ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், தாம்பரம்

பதில்: அங்கிருந்தேதான். வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதற்கு முன் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். சார்பதிவாளரிடம் அல்ல, சங்கங்களின் கோப்பு இருப்பது மாவட்டப் பதிவாளரிடம். சங்கத்தின் பதிவு எண்ணும் ஆண்டும் பழைய சந்தா ரசீதிலேயே அச்சடித்திருக்கும். துணை விதிகள் (சங்கம் தனக்கென வகுத்துப் பதிவு செய்த விதிகள், திருத்தங்களோடு), உறுப்பினர் பதிவேடான படிவம் 6, நிர்வாகக் குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7, கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கு ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

படிவம் 7 கைக்கு வந்ததும் தேதிகளைப் பாருங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 15-ஆவது பிரிவின்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அதே ஆட்கள் மறுபடி தேர்வாகலாம், அதற்குத் தடையில்லை. ஒன்பது வருடம் இருப்பது தவறல்ல, தேர்வாகாமல் இருப்பதுதான் தவறு. வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ‘பொதுக்குழு கூடி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது’ என்று மினிட்ஸ் நோட்டில் மட்டும் ஒரு கூட்டம் நடக்கும். வந்தவர் கையெழுத்துப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். அன்றைக்குத் துபாயில் இருந்தவரின் கையெழுத்தோ, போன வருடமே காலமானவரின் கையெழுத்தோ அதில் இருந்தால், பாஸ்போர்ட் முத்திரையும் இறப்புச் சான்றிதழும் போதும். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் புகாரைவிட அது பலமான சாட்சி.

படிவம் 6-இல்தான் பலருக்கும் தூக்கிவாரிப்போடும். 212 வீடு என்கிறீர்கள். பதிவேட்டில் அறுபது பேர்கூட இல்லாமல் இருக்கலாம். மாதாமாதம் பணம் கட்டுகிறவர் எல்லாம் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. ரசீதில் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தால், நாளைக்கு ‘இவர் உறுப்பினரே இல்லை’ என்பார்கள். ‘உறுப்பினர் சந்தா’ என்றிருந்தால் உங்கள் கை ஓங்கும். பெயர் விட்டுப்போனவர்கள் துணை விதியில் சொன்ன நுழைவுக் கட்டணத்தோடு இப்போதே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்தால் எடுபடாது.

கேள்வி: சிறப்புப் பொதுக்குழு கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். ‘என்னவென்றே தெரியாமல் போட்டேன்’ என்று எட்டுப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேரில் பாதியைச் சந்தா பாக்கி என்று தள்ளிவிட்டார் செயலாளர். பணம் கட்டப் போனால் பொருளாளர் வாங்க மறுக்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: கோரிக்கை ஒரு தாளிலும் கையெழுத்துகள் வேறு தாளிலும் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கூட்டத்தின் பொருளை முழுதாக அச்சடியுங்கள்: ‘தற்போதைய நிர்வாகக் குழுவின் காலம் முடிந்ததால் புதிய குழுவைத் தேர்ந்தெடுத்தல்’ என்பது போல. ‘சங்க விவகாரங்களைப் பேச’ என்று எழுதினால் பேசிவிட்டுக் கலைய வேண்டியதுதான், வாக்கெடுப்பு நடத்த முடியாது. கீழே பெயர், உறுப்பினர் எண், கதவு எண், தேதி, கையெழுத்து. எத்தனை பேர் வேண்டும் என்பது உங்கள் துணை விதியில் இருக்கும். அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்; சிலர் பின்வாங்குவது எல்லா ஊரிலும் உண்டு.

சந்தா பாக்கிக்கு ஒரு வழி உண்டு. சங்கத்தின் வங்கிக் கணக்கு எண் பழைய ரசீதிலோ செக்கிலோ கிடைத்தால் நேராக அதில் போட்டு, குறிப்பில் உறுப்பினர் எண்ணையும் எந்த வருடச் சந்தா என்பதையும் எழுதுங்கள். கணக்கு எண் தெரியாவிட்டால் சங்கத்தின் பெயரில் டிடி எடுத்து, கடிதத்தோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்புங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்ற தபால்காரர் குறிப்போடு கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே பத்திரமாக இருக்கட்டும். கோர்ட்டில் பிரித்தால்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: கூட்டம் கூட்டவே மாட்டேன் என்கிறார்கள். நாங்களே கோயில் மண்டபத்தில் கூடிப் புதிய குழுவைத் தேர்ந்தெடுத்துப் படிவம் 7 கொடுத்துவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மனுக் கொடுத்த உறுப்பினர்களே கூட்டலாம் என்று துணை விதியில் இருந்தால் மட்டும் கூட்டுங்கள்; அப்போதும் எல்லா உறுப்பினருக்கும், முக்கியமாக எதிரணிக்கும், உரிய நாள் கணக்கில் நோட்டீஸ் போக வேண்டும். அது இல்லாமல் கூடினால் அது போட்டிச் சங்கம்தான். பழைய குழுவும் தன் பங்குக்கு ஒரு படிவம் 7 கொடுக்கும். எது உண்மையான தேர்தல் என்ற தகராறு முற்றிவிட்டால் தீர்ப்புச் சொல்வது பதிவாளர் வேலையல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலை. அங்கே போனால் வருடங்கள் ஓடும்.

உங்களுக்குச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனுக் கொடுத்தால், சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். எண்ணிக்கை படிவம் 6-ஐ வைத்து. அதில் 60 பேர் என்றால் 20 பேர் வேண்டும், நீங்கள் 26 பேரோடு போங்கள். ‘ஊழல் நடக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த வருடக் கணக்கு தாக்கலாகவில்லை, எந்தத் தேதிக் கூட்டம் நடக்கவே இல்லை என்று எண் போட்டு எழுதுங்கள். அதிலும் நகராவிட்டால் சிவில் வழக்குப் போட்டு, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கேட்கலாம்.

கேள்வி: எங்களுடையது அறக்கட்டளை. இதெல்லாம் பொருந்துமா?
– வாசகர், கரூர்

பதில்: பொருந்தாது. அறக்கட்டளையில் ஓட்டுப் போடும் உறுப்பினரே கிடையாது. பத்திரம் சொல்வதுதான் சட்டம். பொது அறக்கட்டளையாக இருந்தால், அதில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கோர்ட்டின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம்.

கேள்வி: ரொறன்ரோவில் எமது பழைய மாணவர் சங்கத்தின் இயக்குநர் சபை பொதுக்கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது. யாப்பில் (சங்க விதிகளில்) இதுபற்றி ஒன்றுமில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: யாப்பு பேசாவிட்டாலும் சட்டம் பேசும். முதலில் சங்கம் கனடாக் கூட்டரசின் கீழ் பதிவானதா, ஒன்ராறியோவின் கீழா என்று பாருங்கள். கூட்டரசுப் பதிவை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கூட்டரசுச் சட்டத்தில் 5 வீத (சதவீத) வாக்குள்ள உறுப்பினர்களும், ஒன்ராறியோச் சட்டத்தில் 10 வீத வாக்குள்ளவர்களும் கூட்டம் கோரலாம். 21 நாட்களுக்குள் சபை அழைப்பு விடாவிட்டால், கையெழுத்திட்டவர்களில் ஒருவரே அழைக்கலாம். அந்தச் சிறப்புக் கூட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் இயக்குநர்களை நீக்க முடியும். உறுப்பினர் பட்டியலைத் தர மறுத்தால், சத்தியக் கூற்றோடு (சட்டப்படியான உறுதிமொழியோடு) எழுத்தில் கேளுங்கள். பிறர் சார்பில் வாக்களிப்பதற்கு யாப்பில் இடமிருந்தால்தான் முடியும். அது தெரியாமல் நாற்பது கடிதங்களோடு போய் ஏமாந்து நிற்காதீர்கள்.

கேள்வி: முறையாகத் தேர்தல் நடந்து ஜெயித்துவிட்டோம். பழைய செயலாளர் ஆபீஸ் சாவியைத் தரவில்லை. பூட்டை உடைத்தால் என்ன?
– வாசகர், ஆவடி

பதில்: அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். உடைத்த மறுநாள் ‘பீரோவில் இருந்த பணத்தைக் காணோம்’ என்று உங்கள் மேல் புகார் வரும். ஒப்படைக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: மினிட்ஸ் நோட்டு, உறுப்பினர் பதிவேடு, கேஷ் புக், வவுச்சர்கள், வைப்புத்தொகை ரசீது, பான் கார்டு, வருமான வரி லாகின், மோட்டார் ரூம் சாவி, மின் இணைப்பு டெபாசிட் ரசீது, சங்க முத்திரை. எது கிடைத்தாலும் இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள்.

வங்கிக்குப் போகும் கடிதத்தில் வார்த்தை முக்கியம். ‘நிர்வாகத் தகராறு இருக்கிறது’ என்று எழுதினால் மேனேஜர் கணக்கையே முடக்கிவிடுவார். அந்த மாத வாட்ச்மேன் சம்பளமும் மாடிப்படி விளக்கின் கரண்ட் பில்லும் நின்றுவிடும். ‘கையெழுத்திடும் அதிகாரம் மாறியிருக்கிறது’ என்று மட்டும் எழுதி, தீர்மான நகல், தாக்கல் செய்த படிவம் 7-இன் சான்றிட்ட நகல், புதியவர்களின் கேஒய்சி ஆவணங்கள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய குழு தகராறு என்று எழுதி முடக்க வைக்கவும் வாய்ப்புண்டு. அதனால் இரண்டு மாத அவசரச் செலவுக்கு ஆகும் தொகையைத் தேர்தலுக்கு முன்பே உங்களுக்குள் திரட்டி, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.