எம்.பி.பி.எஸ். முதலாண்டு ஃபிசியாலஜி உண்மையிலேயே அவ்வளவு கடினமா? கண்டிப்பான பேராசிரியரிடம் படித்தவர்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த நான்கு வரிகளைப் படித்த பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் தங்கை இந்த ஆண்டுதான் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். உடல் எப்படி இயங்குகிறது என்று படிக்கும் இந்த ஃபிசியாலஜியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, இருக்கும் நாளில் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்குவதில்லை. பதில் தெரியாவிட்டால் மேடம் நிற்க வைத்துவிடுகிறார். "எனக்கு மூளை பத்தாதுண்ணா" என்று போனில் உங்களிடம் அழுகிறாள். 2011-ல் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து நானும் இதே மாதிரி அப்பாவிடம் அழுதிருக்கிறேன்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதலாண்டில் மூன்று பாடங்கள்: அனாடமி (உடற்கூறியல்), ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). அனாடமியில் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம், உடலைப் பிரித்துப் பார்க்கலாம். பயோகெமிஸ்ட்ரியில் சுழற்சிகளைப் பத்து முறை எழுதிப் பார்த்தால் எப்படியோ மனதில் நின்றுவிடும். ஃபிசியாலஜி இந்த இரண்டு வழிக்கும் வரவில்லை. கண்ணால் பார்க்கவும் முடியாது, உருப்போட்டாலும் ஒட்டாது. பள்ளியில் மனப்பாடம் செய்தே மேலே வந்த எங்களில் பலருக்குக் கால் தடுக்கியது அங்கேதான்.

எங்கள் பேராசிரியரை நாங்களும் மேடம் என்றுதான் அழைப்போம், ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் குறிப்புத் தாள் இருக்காது. உள்ளே வந்ததும் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு ஒரு வளைவை வரைவார். எந்த அச்சு எதைக் குறிக்கிறது என்று எழுத மாட்டார். யாரையாவது எழுப்பி, "இது என்ன? ஏன் நேர்கோடா இல்லாம இப்படி வளையுது?" என்று கேட்பார். ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டும் வளைவை அப்படித்தான் படித்தோம். 'சிக்மாய்டு' (S வடிவம்) என்று பெயர் சொன்னவனை உட்கார விடவில்லை. "பேரைக் கேக்கலை. ஏன்?" ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபினில் முதல் ஆக்சிஜன் ஒட்டியதும் அடுத்தது ஒட்டுவது சுலபமாகிறது என்று ஒருவர் சொல்லும்வரை எட்டுப் பேர் நின்றோம். மறுநாள், அந்த ஹீமோகுளோபின் நுரையீரலிலிருந்து தசைக்குப் போனதும் அதே ஆக்சிஜனை ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்டார். அதற்கு இன்னும் அதிகம் பேர் நின்றோம்.

பாடம் நடத்துவதில் அவருக்கு நிகர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. சிறுநீரகப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்கினார்: "உங்க ஊர் பிளாஸ்டிக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும்?" பதினைந்து என்றோம். "நிமிஷத்துக்கு 125 மில்லி வடிகட்டினா ஒரு நாளைக்கு எவ்வளவு?" கணக்குப் போட்டோம், 180 லிட்டர். "பன்னெண்டு குடம். ஒரு நாள்ல நீ வெளியேத்துறது ஒன்றரை லிட்டர். மிச்சம் எங்க போச்சு? சும்மா திரும்ப உள்ளேயே எடுத்துக்கறதுக்கு எதுக்கு வடிகட்டணும்?" அடுத்த இரண்டு வாரம் அந்தக் கேள்வியின் மேலேயே நடந்தது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர்தான், அது ஒரு நாளைக்கு அறுபது முறை சலிக்கப்படுகிறது, எந்தக் கழிவு எப்போது சேர்ந்தாலும் உடனே பிடிபட்டுவிடும், வேண்டியதை மட்டும் குழாய்கள் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் என்று கடைசியில் நாங்களே வந்து சேர்ந்தோம். இன்றைக்கும் சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் எனக்கு முன்னால் பன்னிரண்டு குடம் வரிசையாக நிற்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் தங்கைக்கும் அந்தச் சிக்கல் இருக்கலாம். முதல் வைவாவில் எனக்கு விடை தெரிந்தும் வாய் திறக்க வரவில்லை. மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல்ல தமிழ்ல சொல்லும்மா. புரிஞ்சிருந்தா தமிழ்ல வரும்" என்றார். சொன்னேன். "இப்ப அதையே ஆங்கிலத்துல, தப்பா இருந்தாலும் பரவாயில்லை." அந்த ஆண்டு முழுவதும் எனக்கு அதுதான் முறை. தமிழில் ஃபிசியாலஜி பேச முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்திருக்கிறார். ஃபிசியாலஜிக்கு அப்போது 'சுகரணவாதம்' என்று பெயர். அந்தச் சொல்லை மேடம் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன்.

இனி, அவரை என்னால் ஏன் மறக்க முடியாது என்பதற்கு வருகிறேன். ஹீமட்டாலஜி (ரத்தவியல்) பிராக்டிகல். சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்க்கிறோம். குழாயில் 20 என்ற கோடு வரை நீர்த்த அமிலம், விரலைக் குத்தி எடுத்த 20 கன மில்லிமீட்டர் ரத்தம், பத்து நிமிடக் காத்திருப்பு. பிறகு சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த நீரை விட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். எனக்கு மூன்றாவது சொட்டிலேயே நிறம் வெளுக்கத் தொடங்கியது. எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் எல்லோருக்கும் 12, 12.5 கிராம் என்று வந்திருந்தது. ரெக்கார்டில் நானும் 12.5 என்று எழுதினேன்.

மேடம் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "திரும்பச் செய், நான் நிக்கறேன்." செய்தேன். 8.6. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று நின்றேன். மெதுவாகத்தான் சொன்னார்: "உன் ரத்தம் ஒண்ணு சொல்லுது, நீ வேற எழுதுற. நாளைக்கு நோயாளிக்கும் இப்படித்தான் எழுதுவியா?"

அன்று மதியமே தன் கைப்பட ஒரு சீட்டு எழுதி மெடிசின் ஓ.பி.க்கு அனுப்பினார். இரும்புச்சத்துக் குறைபாடு. இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். சிறு வயதிலிருந்து வயலில் செருப்பில்லாமல் நடந்தவள் நான், கால் வழியாகக் கொக்கிப்புழு ஏறியிருக்கலாம், மாதவிடாயில் அதிகமாகப் போகும், வீட்டில் யாரும் அதை ஒரு நோயாக நினைத்ததில்லை. மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கும், 'இவளுக்கு உடம்பு வாகு அப்படி' என்பார் அம்மா.

மறுவாரம் என்னை எழுப்பினார். "மாடி ஏறுனா ஏன் படபடங்குது? நீயே சொல்லு, உனக்குத்தான் நல்லாத் தெரியும்." கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போட வைத்தார். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். 15 கிராம் இருப்பவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி. 8.6 இருந்த எனக்கு பதினொன்றரை. நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் ஓடினால் அவருக்கு 1,000 மில்லி ஆக்சிஜன் போகும், எனக்கு 575. சும்மா உட்கார்ந்திருக்க நிமிடத்துக்கு 250 மில்லி போதும், அதனால் வகுப்பில் எனக்கு ஒன்றும் தெரியாது. படியேறும்போது தசைகள் பல மடங்கு கேட்கும். கொடுக்க இருப்பு இல்லாததால் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர இதயத்துக்கு வேறு வழி கிடையாது. சாக்பீஸோடு நின்றுகொண்டு இதைச் சொல்லும்போதே எனக்குள் ஏதோ திறந்தது. பதினெட்டு வருடமாக என் உடம்பு எதற்காக அப்படித் துடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு முதல் முறையாக விளங்கியது.

"அப்ப எவ்வளவு ரத்தம் ஓடணும்னு முடிவு பண்றது இதயமா, தசையா?" என்று மேடம் தொடர்ந்தார். இதயம் என்றோம். இல்லை என்று சொல்லி, நாங்கள் தலையணை என்று அழைத்த கைட்டன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அதை எழுதிய ஆர்தர் கைட்டன் அறுவை சிகிச்சை நிபுணராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது போலியோ தாக்கியது. கத்தி பிடிக்கும் வாழ்க்கை அதோடு முடிந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குத் திரும்பி ஃபிசியாலஜி கற்பித்தார், புத்தகத்தின் முதல் பதிப்பு 1956-ல் வந்தது. ஒவ்வொரு திசுவும் தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே கேட்டு வாங்குகிறது, திரும்பி வருவதையெல்லாம் இதயம் வெளியே தள்ளுகிறது என்று நிறுவியதில் அவர் பங்கு மிகப் பெரியது. என் ரத்தசோகையிலும் நடந்தது அதுதான். ஆக்சிஜன் போதாத திசுக்கள் தங்கள் ரத்தக் குழாய்களை விரித்துக்கொண்டன, ரத்தமும் நீர்த்திருந்தது, தடை குறைந்தது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடியது. மூன்று மாதம் கழித்து மறுபடி சாலி குழாயில் பார்த்தபோது 11.4. ரெக்கார்டின் அந்தப் பக்கத்தில் மேடம் போட்ட கையெழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் உங்கள் தங்கைக்குத் துரோகம் செய்தவளாவேன். என் அறைத்தோழி என்னைவிடக் கெட்டிக்காரி, ஆனால் பத்துப் பேர் பார்க்க நின்றால் அவளுக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஒரு முறை அவள் முழு மணி நேரமும் நிற்க வைக்கப்பட்டாள். "இதுகூடத் தெரியாம எப்படி சீட் வாங்குன?" என்று கேட்டார் மேடம். அதற்குப் பிறகு அவள் ஃபிசியாலஜி வகுப்புக்கு வருவதைக் குறைத்தாள், இன்டர்னல்ஸில் மார்க் சரிந்தது, பல்கலைக்கழகத் தேர்வில் அந்த ஒரு பாடத்தில் போய்விட்டது. ஆறு மாதம் கழித்து எழுதி, தவறியவர்கள் தனியாகப் படிக்கும் அடிஷனல் பேட்ச்சில் சேர்ந்தாள். நாங்கள் வெள்ளைக் கோட்டோடு வார்டுக்குப் போன முதல் நாள் அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மேடம் செய்தது தவறு. அந்த வாக்கியத்தால் பாடம் ஒரு இம்மிகூடக் கூடுதலாகப் புரியப்போவதில்லை. 'ஏன்' என்று கேட்பது வேறு, 'எப்படி சீட் வாங்குன' என்று கேட்பது வேறு. தோழி இப்போது நல்ல மருத்துவர். மேடத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அவள் பேச்சை மாற்றுவாள், நானும் விட்டுவிடுவேன்.

நான் இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். வாரம் ஒரு முறையாவது பேதியாகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டரம்மா" என்பார்கள். குழந்தை குடிக்கும் நிலையில் இருந்தால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான் கொடுப்பேன். அதைக் கலக்கும்போதெல்லாம் மேடத்தின் வைவா கேள்வி காதில் விழும்: "வெறும் தண்ணி ஏன் போதாது? உப்பு சரி, சர்க்கரை எதுக்கு?" குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு கதவு இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று நுழையாது, அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னால் போகும். காலராவில்கூட அந்தக் கதவு கெடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்று 1960-ல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் சொன்னார். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். இந்தக் கதையை எங்களுக்கு மேடம் சொன்னது சிறுகுடல் பாடத்தில், தேர்வுக்கு வராத பகுதி என்று தெரிந்தே. பாட்டிகளிடம் நான் கதவு என்றே சொல்கிறேன், புரிந்துகொள்கிறார்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று அளந்தும் காட்டுகிறேன்.

தங்கைக்குச் சில விஷயங்கள். வகுப்புக்கு முந்தின இரவு பத்துப் பக்கம் படிப்பதைவிட ஒரே ஒரு வரைபடத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து, ஒவ்வொரு வளைவுக்கும் 'ஏன்' என்று அறைத்தோழியிடம் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல வராத இடத்தில்தான் புரியாத இடம் இருக்கிறது. தெரியாததைத் 'தெரியலை மேடம், இதுவரைக்கும்தான் யோசிச்சேன்' என்று பாதி வழியையாவது சொல்லட்டும், எங்கள் மேடம் அப்படிச் சொன்னவர்களை ஒரு நாளும் நிற்க வைத்ததில்லை. அவமானப்படுத்தும் வார்த்தை வந்தால் மட்டும் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் உங்களிடமோ, நம்பிக்கையான வேறொரு ஆசிரியரிடமோ உடனே சொல்ல வேண்டும். என் தோழி ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு போக விடாதீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

இப்போது அவளுக்கு எந்தப் பாடம் நடக்கிறது என்று கருத்தில் எழுதுங்கள். சிறுநீரகம் என்றால் குடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வேறு எதுவாக இருந்தாலும், இரவு ஒன்பது மணிக்கு மேல் என்றால் நானே போனில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.