மார்ட்டின் லூதர் கிங்கின் பேருந்துப் புறக்கணிப்பு ஏன் வென்றது?

குடிமை உரிமை என்பது, வாக்களிப்பதிலும் பள்ளியில் சேர்வதிலும் பேருந்தில் அமர்வதிலும் சட்டம் எல்லோரையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்பதே. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் அது இல்லை. கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு, பல வேளைகளில் கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக மீண்டும் ஏற வேண்டியிருந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு.

1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதும் தொடங்கிய புறக்கணிப்புக்கு, அப்போது 26 வயதே ஆகியிருந்த போதகரான கிங் தலைமை ஏற்றார். பயணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பினத்தவர் என்பதுதான் அதன் பலம். தெருவில் முக்கால்வாசிக் குடும்பங்கள் ஒரே மளிகைக் கடைக்குப் போவதை நிறுத்தினால் கடைக்காரர் என்ன ஆவார்? அதே நிலைதான். மக்கள் 381 நாட்கள் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தபோதும், திரண்ட கூட்டத்தை அவர் அமைதிப்படுத்தி அனுப்பினார் (என் பார்வையில், அவருடைய தலைமை உறுதிப்பட்டது அந்த இரவில்தான்). நகரப் பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1956இல் உறுதிசெய்தது.

புறக்கணிப்பைத் தொடங்கியவரே கிங் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஓர் இரவு முழுவதும் அச்சிட்ட ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளே முதல் அழைப்பை விடுத்தன.