மாலை கழற்றிய பிறகு

அன்புள்ள அக்கா,

நான் காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் வேலை பார்ப்பவன். வயது 43. சின்ன வயதில் பலகார அடுப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். இப்போது பலகாரத்தை மட்டும் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்து கொடுக்கிறேன்.

பதினாறு வருடம் குடித்தேன். கடைசி நாலைந்து வருடம் காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும். நடுங்கும் கையால் வெள்ளைப் பணியாரம் ஊற்ற முடியாது, உங்களுக்கே தெரியும். நானாகவே இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது தடவை, நிறுத்திய மறுநாளே வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்துவிட்டேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்றோடு ஒன்பது மாதம், ஒரு சொட்டுத் தொடவில்லை.

வருடா வருடம் மாலை போட்டுப் பழனிக்கு நடப்பேன். அந்த நாட்களில் குடி நினைப்பே வராது. மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழைய கதைதான். இந்தத் தடவை மாலை இல்லாமலே ஒன்பது மாதம் தாண்டிவிட்டேன். ஆனால் சந்தோஷமாக இல்லை அக்கா. சாயந்திரம் ஆறு மணி ஆனால் எங்கே போவது, என்ன செய்வது என்று தெரியவில்லை. என் மனைவி இன்னமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மோந்து பார்க்கிறாள். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வரும். பந்தி முடிந்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் பாட்டில் வந்துவிடும், வீட்டுக்காரர்களே மரியாதைக்குக் கொடுத்து அனுப்புவார்கள். நினைத்தாலே பயமாக இருக்கிறது. குடிக்காமல் இருப்பது மட்டும்தான் இனி என் வாழ்க்கையா?

(பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

பணியாரம் ஊற்றும் கையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் அப்பத்தா ஊற்றும்போது அடுப்படியில் குந்தியிருந்து பார்ப்பேன். ஒரு உழக்குப் பச்சரிசி, அந்த உழக்கின் தலைமேலேயே கோபுரமாக உளுந்து. வெண்ணெயாக அரைத்த மாவை ஒரு கரண்டி எடுத்து, ஒரே இடத்தில், ஒரே ஊற்றாக விடவேண்டும். கை கொஞ்சம் அசைந்தாலும் மாவு எண்ணெயில் வால் விட்டு ஓடிவிடும். அசையாமல் விட்டால் அடியில் போய், ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, நடு வெள்ளையாகப் பூரித்து மேலே வரும். ஒன்பது மாதமாக அந்தக் கை உங்களிடம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி.

இதே மாதிரி இன்னொரு கையின் கதை உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊருக்கு பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாகப் போனார். குடியை விட்டு அப்போதுதான் ஐந்து மாதம். போன காரியம் நடக்கவில்லை. தங்கியிருந்த ஓட்டலின் கூடத்தில் நிற்கிறார், ஒரு பக்கம் மதுக்கூடத்தின் பேச்சுச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிக்குப் போய், உள்ளூர் தேவாலயங்களைக் கூப்பிட்டு, 'இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரோடு பேசவேண்டும்' என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பாப் சில வாரம் நிறுத்தி, மறுபடி விழுந்தார். ஜூன் 10-ஆம் தேதி காலையில் அவர் ஒரு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும், கை நடுங்குகிறது. நடுக்கம் அடங்க பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். பாப் குடித்த கடைசிக் குடி அதுதான். 1950-இல் இறக்கும்வரை அவர் தொடவில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) என்ற அமைப்பு அந்த நாளைத்தான் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் அண்ணன். அவரும் உங்களைப் போலத்தான். விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. நான் குடித்தவள் இல்லை, குடித்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவள். அதனால் உங்களுக்குப் பாதி பதிலும், உங்கள் மனைவிக்குப் பாதி பதிலுமாகத்தான் என்னால் எழுத முடியும்.

முதலில் அந்த வலிப்பு. இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். வருடக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, சாராயம் அமுக்கிக்கொண்டே இருப்பதைச் சமாளிக்கத் தன்னை முடுக்கி வைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அமுக்கும் கை போய்விடுகிறது, முடுக்கம் மட்டும் நிற்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் கழித்து, இல்லாத ஆளும் இல்லாத சத்தமும் தெரியும் சித்தப்பிரமை வரலாம், அதில் உயிரே போகலாம். ஆகவே 'வைராக்கியம் இருந்தால் வீட்டில் பூட்டிவைத்தே நிறுத்திவிடலாம்' என்று தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மருத்துவர்கள் மாத்திரையால் படிப்படியாக இறக்குவார்கள், குடியில் வற்றிப்போன பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் தெரியாது. அம்மா எங்கோ சுவர் விளம்பரம் பார்த்து, 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று ஒரு பொடி வாங்கி வந்து ரசத்தில் கலந்தார். உறையில் மருந்தின் பெயர்கூடக் கிடையாது. அன்று ராத்திரி அண்ணன் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, மூச்சு வாங்கி, வாசல் படியிலேயே சரிந்தார். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது இப்போதும் கனவில் வரும். குடித்தால் உடம்பு தாங்காதபடி செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டியது அது. தெரியாமல் கலந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாலை போட்டிருந்தபோது குடி நினைப்பே வரவில்லை என்கிறீர்கள். எல்லோரும் இதை முருகன் மேல் உள்ள பயம் என்பார்கள். பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பச்சைத்தண்ணீரில் குளியல். நேரத்துக்குச் சாப்பாடு. சாயந்திரம் ஆனால் பூஜை, பஜனை. சுற்றி ஆட்கள். நேற்றுவரை 'ஏய்' என்று கூப்பிட்டவனும் 'சாமி' என்கிறான். குன்றக்குடியில் கிளம்பி நத்தம், திண்டுக்கல் என்று நடக்கும்போது அடுத்து எங்கே தங்குவது, யார் மோர் கொடுப்பார்கள் என்பதுவரை தெரியும். நாளுக்கு ஒரு உருவம் இருந்தது, உங்களுக்கு அதில் ஒரு இடம் இருந்தது. மாலையைக் கழற்றிய அன்று அவ்வளவும் சேர்ந்து கழன்றது. அதனால்தான் விழுந்தீர்கள். மனவலிமை இல்லாததால் அல்ல. இப்போது ஒன்பது மாதமாகக் குடியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறீர்கள். வெறுமை உறுத்தத்தான் செய்யும்.

சாதாரண நாளுக்கு அந்த மாதிரி ஒரு சட்டகத்தை நீங்களே கட்டவேண்டும். அண்ணன் கட்டியதைச் சொல்கிறேன். அவருக்கு ஒரு ஹார்டுவேர் கடை. குடித்த காலத்தில் ஆறு மணிக்குக் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். விட்ட பிறகு முதல் வருடம், ஐந்தரைக்கே கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார். சுண்டல், இரண்டு இட்லி, ஒரு சுக்குமல்லிக் காபி, எது கிடைத்தாலும். ஏ.ஏ. கூட்டத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது: பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று வந்தாலும் குடி நினைப்பு அதன் வேஷத்தில் வரும், முதலில் அதைக் கவனி என்று. பாதி நாள் ஆறு மணித் தவிப்பு வெறும் பசியாக இருந்தது என்பார். இனிப்புக்கும் நாக்கு அலையும், பயப்படவேண்டாம். நினைப்பு பிடித்துக்கொண்டாலும் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும், அதோடு மல்லுக்கட்டாமல் இடத்தை விட்டு நகர்ந்தால் போதும். ராத்திரித் தூக்கம் சீராக மாதங்கள் ஆகும். எதிலும் ருசி இல்லாத அந்த உணர்வும் அப்படித்தான். இத்தனை வருடம் சாராயத்தால் மட்டுமே சந்தோஷப்படப் பழகிய மூளை, சின்னச் சின்ன விஷயங்களுக்குத் திரும்ப மெதுவாகத்தான் வரும். ஒருநாள் கடையில் பழைய வானொலிப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைத் தானே கவனித்து அண்ணன் அழுதிருக்கிறார். விட்டு ஒரு வருடம் கழித்து.

உங்கள் மனைவி மோந்து பார்ப்பது பற்றி. கோபப்படாதீர்கள் தம்பி. அண்ணன் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே தட்டில் 'டக்' என்று நின்றால் அன்று நல்ல நாள். இரண்டு மூன்று தடவை உரசினால் அம்மா பேசாமல் எழுந்து தட்டுமுட்டுச் சாமான்களை உள்ளே எடுத்து வைப்பார், நான் பாடப் புத்தகத்தை மூடுவேன். அவர் விட்டு இரண்டு வருடம் வரை அந்தச் சத்தம் கேட்டால் என் வயிறு இறுகும். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, உடம்பு அப்படிப் பழகியிருந்தது. உங்கள் மனைவி பதினாறு வருடம் பழகியதை ஒன்பது மாதத்தில் மறக்கச் சொல்லக்கூடாது. 'இன்னுமா சந்தேகம்' என்று மட்டும் கேட்காதீர்கள். கூலிப் பணத்தை நேராக அவர் கையில் கொடுங்கள். எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் எட்டுக்கு வாருங்கள், தாமதமானால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வாசலில் நீங்களே ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் நில்லுங்கள், மோந்து பார்க்கட்டும். குடிப்பவர்களின் குடும்பத்துக்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951-இல் தொடங்கி நடக்கிறது. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகும்போது அதையும் விசாரியுங்கள். அவருக்கும் யாரிடமாவது பேசவேண்டியிருக்கும்.

தை மாசம்தான் உண்மையான சோதனை. என் யோசனை, இந்த ஒரு சீசனுக்கு எல்லா வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வருமானம் குறையும்தான். குறையட்டும். விடியற்காலைப் பலகாரம் மட்டும் உள்ள வேலையை எடுங்கள். அடுப்பு அணைந்ததும் பாத்திரக் கணக்கை உதவியாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள், கொட்டகையில் உட்காராதீர்கள். கான்ட்ராக்டரிடம் முன்பே, பகலில், தனியாகச் சொல்லிவிடுங்கள்: 'நான் விட்டுட்டேன், எனக்குப் பாட்டில் வேண்டாம்.' 'மாத்திரை சாப்பிடுகிறேன்', 'விரதம்' என்றெல்லாம் சாக்குச் சொன்னால் மாத்திரையும் விரதமும் முடிகிற தேதியைக் கேட்பார்கள். குழுவில் குடிக்காத ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சூட்டில் நா வறளும், மோர்ச் சட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் பக்கத்தில் சமையல்காரருக்கு மரியாதை என்றால் வெற்றிலை பாக்கோடு வேஷ்டி துண்டும் பணமும்தான் எனக்குத் தெரிந்து. பாட்டில் எப்போது அந்தத் தட்டில் ஏறியது? மூன்று மணிக்கு எழுந்து உங்கள் வீட்டுப் பந்திக்காக வெந்தவருக்கு அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிள்ளை ஸ்டாண்ட் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒருவேளை தவறிவிட்டால்? அண்ணனும் இரண்டாம் வருடம் ஒரு சாவு வீட்டில் தவறினார். மறுநாள் காலை அவரே மருத்துவரிடம் போனார், எங்களிடமும் சொன்னார். 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று தொடர்ந்து குடிப்பதுதான் ஆபத்து. இரத்தக் கொதிப்பு ஒருநாள் ஏறிவிட்டால் மாத்திரையைத் தூக்கியா எறிகிறோம்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்று வந்தது. நீங்கள் அந்த ஒருவர்.

குடிக்காமல் இருப்பது மட்டும்தான் வாழ்க்கையா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் மற்றது என்ன என்று நான் சொல்ல முடியாது, உங்கள் கைதான் சொல்லவேண்டும். எனக்குத் தோன்றுவது ஒன்று. கும்மாயம், கந்தரப்பம், மனகோலம், சீயம் எல்லாவற்றுக்கும் அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது, எழுத்தில் இல்லை. நீங்கள் எடுபிடியாக நின்ற மாதிரி இன்று நிற்கும் பையன்களுக்குச் சாயந்திரத்தில் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கலாமே. குடித்த காலத்தில் உங்களிடம் கற்க யாரும் நிற்கவே பயந்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ஆறு மணி என்ற இடம் வந்ததும் 'அங்கேயே நிறுத்து' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'அவர் நம்பரைக் கேள். இல்லை, என் நம்பரை அவருக்குக் கொடு' என்றார். மின்னஞ்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். சாயந்திரம் ஐந்தரைக்கு முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா