காய்ச்சலுக்குப் பின் தடிப்பு: அம்மையா, கொரோனாவா?

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு 42 வயது, சர்க்கரை உண்டு. போன வாரம் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தது. கிட் வாங்கிப் பார்த்ததில் கொரோனா. காய்ச்சல் குறைந்ததும் நெஞ்சிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறது. அத்தை 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை விரித்துப் படுக்க வைத்துவிட்டார். சர்க்கரை மாத்திரை உட்பட எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார். மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போடலாமா?"

தடிப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் சர்க்கரை மாத்திரை. தொற்று வந்த உடம்பில் சர்க்கரை தானாகவே ஏறும். அந்த நேரத்தில் மாத்திரையையும் நிறுத்தினால் ஆபத்து. இன்றே சர்க்கரை அளவைப் பார்த்து, அவர் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் போனிலாவது கேட்டு மாத்திரையைத் தொடங்குங்கள். 2021-இல் கருப்புப் பூஞ்சை பலரைத் தாக்கியதற்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, தடிப்பு. கொரோனாவில் தோலும் பாதிக்கப்படும் என்பது 2020-இலேயே தெரிந்துவிட்டது. இத்தாலியில் 88 நோயாளிகளைப் பார்த்ததில் 18 பேருக்குத் தோலில் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. அதே ஆண்டு ஸ்பெயினில் தோல் அறிகுறி இருந்த 375 பேரை ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, தட்டம்மை போலப் பரவிய சிவப்புத் தடிப்புதான். அடுத்தபடியாக, எறும்பு கடித்தது போல வீங்கி எழும்பும் தடிப்பு. சிலருக்குச் சிறு நீர்க்கொப்புளம். கால்விரல் ஊதாவாக வீங்குவது அங்கே நிறையப் பேசப்பட்டது. நம் ஊர் வெயிலில் அது அபூர்வம். உங்கள் கணவருக்கு இருப்பது முதல் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கிவிடும்.

ஆனால் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் கொரோனா ஒன்றுதான் காரணம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. டெங்குவிலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தடிப்பு வரும், ஆபத்தான நாட்களும் அவைதான். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் தவிர வேறு மாத்திரை வேண்டாம். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா? அதற்கான ஒவ்வாமையும் இதே மாதிரிதான் இருக்கும்.

அத்தை சொல்வது போல அம்மையாகவே இருந்தால்? சின்னம்மையில் சிவப்புப் புள்ளி, நீர் கோர்த்த முத்து, காய்ந்த பொருக்கு என எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். தலையிலும் வாய்க்குள்ளும்கூட வரும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை போகலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. தடிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆகவே அம்மை என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வேப்பிலை விரிப்பதையோ, வீட்டில் தாளிக்காமல் இருப்பதையோ நான் குறை சொல்லவில்லை. அத்தையின் பயமும் அக்கறையும் உண்மையானவை. வேப்பிலை இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அரைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் உடைந்த கொப்புளத்தில் பூசுவதை மட்டும் தவிருங்கள்.

அந்த ட்யூபைப் போட வேண்டாம். அரிப்பு என்று கேட்டால் கடையில் தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும். தடிப்பின் உருவம் மாறி, பார்க்கிற மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். அதைத் தொடர்ந்து பூசித் தோல் மெலிந்து, படர்தாமரை உடம்பெல்லாம் பரவி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அரிப்புக்குக் காலமைன் லோஷன் தடவலாம். வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம், பருத்தித் துணி போதும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் அழுத்துங்கள். நிறம் மறைந்தால் பயம் குறைவு. மறையாமல் ஊதாப் புள்ளியாக நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் மாநிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கையால் தடவியும் பாருங்கள்.

உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். வாயில் புண், கண் சிவப்பு, தொட்டாலே வலித்துத் தோல் உரிதல், வலை போட்டது போல ஊதாக் கோடுகள், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியோ வீக்கமோ, மூக்கில் கறுப்பாக ஒழுகுதல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள்.

இவை எதுவும் இல்லையென்றாலும் இன்று உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். அவர்கள் சொன்னால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வரலாம். போகும்போது இருவரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாரத்தில் அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்த ட்யூபையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.