அம்மாவுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார். பார்வை மங்கிவிட்டதால் போனில் எழுத்தைப் படிக்க முடியவில்லை. தமிழ் மட்டும்தான் பேசுவார். மாத்திரை நேரம் சொல்லவும், பாட்டுப் போடவும், எங்களை அழைக்கவும் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கலாமா? இல்லை, தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் பொறுக்கலாமா?

பதில்: ஸ்பீக்கருக்குப் பொறுங்கள். ஆனால் அம்மாவிடம் ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் குரல் உதவியை இன்றே தொடங்கிவிடலாம்.

காரணம் மொழிதான். அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2017-இல் இந்தியாவுக்கு வந்தது, அதில் பேசும் குரல் உதவியாளர் அலெக்சா 2019-இல் இந்தி பேசத் தொடங்கியது. தமிழ்ப் பாட்டு போடும். ஆனால் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்க வேண்டும். கூகுள் ஸ்பீக்கரிலும் ஏறக்குறைய இதே கதைதான். போனில் அப்படி இல்லை. கூகுள் அசிஸ்டென்ட் சில வருடங்களாகவே தமிழ் கேட்கிறது. அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஜெமினியின் உரையாடல் வசதிக்கும் 2024 அக்டோபரில் தமிழ் அறிவிக்கப்பட்டது.

பழைய உதவியாளர்கள் கட்டளைக்குப் பழக்கப்பட்டவை. குறிப்பிட்ட அச்சில் சொன்னால்தான் வேலை நடக்கும். அம்மா அப்படியா பேசுவார்? "ஏழு மணிக்கு அந்த பிரஷர் மாத்திரைய ஞாபகப்படுத்து, இல்ல இல்ல, எட்டு மணிக்கு வச்சுரு" என்பார். நடுவில் மாற்றிப் பேசுவதையும் சேர்த்துப் புரிந்துகொள்வதுதான் ஜெமினி போன்ற புதிய தலைமுறை உதவியாளர்களின் பலம். இதற்குப் பேச்சுத் தமிழ்ப் பதிவுகள் நிறைய வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டும் குரலை மட்டும் வைத்துப் பயிற்சி தந்தால் வட்டார வழக்கில் தடுமாறிவிடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசுவதையும் சேகரித்து வருகிறது. என் கணிப்பில், கோவில்பட்டித் தமிழுக்கு இனிமேல்தான் நல்ல காலம். ஸ்பீக்கரும் ஒருநாள் தமிழுக்கு வரும். இப்போது வாங்கும் பெட்டியில் அது வேலை செய்யுமா என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும்; மூளை பெரும்பாலும் அவர்கள் சர்வரில், அதாவது இணையம் வழியே இயங்கும் அவர்களின் கணினியில் இருக்கிறது. விண்டோஸில் இருந்த கோர்ட்டானா என்ற குரல் உதவியாளரை மைக்ரோசாஃப்ட் 2023-இல் மூடியது நினைவிருக்கலாம்.

புதிய தலைமுறையில் ஒரு வம்பும் உண்டு. பழையது புரியாவிட்டால் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றுவிடும். இது தெரியாததையும் தெரிந்த மாதிரி சரளமாகச் சொல்லும். அதனால் மாத்திரை நேரத்தை நினைவூட்டச் சொல்லலாம். எத்தனை மாத்திரை, எதோடு சேர்த்துப் போடலாம் என்று கேட்கவே கூடாது. இதை அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

சரி, போனில் என்ன செய்வது? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே அமைத்துத் தாருங்கள். உதவியாளரின் மொழியில் தமிழைச் சேருங்கள். தொடர்புப் பட்டியலைக் கண்டிப்பாகத் திருத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் அங்கேதான். ஆங்கில எழுத்தில் நாலு 'செல்வி' இருந்தால் "செல்விக்குப் போன் போடு" என்றதும் அது யாரையோ அழைக்கும். அம்மா கூப்பிடுகிற பெயரிலேயே, 'பெரியவன்', 'மதுரை செல்வி' என்று தமிழில் சேமியுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பேசவிட்டு, எது தவறுகிறதோ அந்தப் பெயரை மட்டும் மாற்றுங்கள். நினைவூட்டல் அடிக்கும்போது சத்தம் போதுமா, பூட்டிய திரையிலும் பேசினால் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தரங்கம் பற்றி: கூப்பிடும் சொல்லைக் கருவியே கவனிக்கும், அதற்குப் பின் பேசுவது பெரும்பாலும் சர்வருக்குப் போகும். கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பகுதியில் பதிவுகளைத் தானாக அழிக்கும்படி வைக்கலாம். வங்கி பின் எண், ஓடிபி எதையும் குரலில் சொல்லக்கூடாது.

அவசரத்துக்கு மட்டும் குரலை நம்ப வேண்டாம். கரண்ட் போய் வைஃபை நின்றால், சிக்னல் இல்லாவிட்டால் உதவியாளர் ஊமையாகிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் 112-க்கு அழைப்பு போகும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அதை இயக்கி, எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று அம்மாவின் விரலுக்குப் பழக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டு எண்ணையும் முகப்புத் திரையில் பெரிதாக வையுங்கள்.